வெளியே கொடுக்க முடியாத வேலை

அந்த அம்மாவின் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள முதலில் வந்தது அந்த அம்மா அல்ல.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஸ்டோர் ரூமை ஒட்டி எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கதவில் 'பிசியோதெரபி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஊரில் ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அது 'கரண்டு ரூம்'. நான் 'கரண்டு வெக்கிற அம்மணி'. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, உடம்பில் இருக்கிற அத்தனை தசைகளின் பெயரையும் மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று கட்டிலில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் செல்வி. சீட்டில் 'இரண்டு முழங்காலிலும் தேய்மானம், உடற்பயிற்சி' என்று டாக்டர் எழுதியிருந்தார். மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சத்தம் இல்லை. அந்த ஊரிலேயே அவ்வளவு நல்ல முழங்காலை நான் பார்த்ததில்லை.

"எங்கேம்மா வலிக்குது?" என்றேன்.

"எனக்கொண்ணும் நோவில்லீங்க. நோவெல்லாம் எங்க மொதலாளியம்மாவுக்குங்க."

"அப்ப நீ எதுக்கு வந்தே?"

"சாம்பிள் பாத்துட்டு வரச் சொன்னாங்க. நான் பாத்துட்டுப் போய்ச் செஞ்சு காட்டோணும். அவங்களுக்குப் புடிச்சா அப்புறம் வருவாங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. ஆனால் அந்த ஊரில் இது ஒன்றும் குற்றமில்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. அங்கே ஒரு பனியன்கூட சாம்பிள் தைத்துக் காட்டி, சரி என்று பதில் வாங்காமல் ஆர்டராக மாறாது. அந்த அம்மா தன் முழங்காலையும் அதே வரிசையில் நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். செல்விக்கு நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கால் யாருடையதோ அவர் வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. ஒரு பக்கம் செல்வியும் இன்னொரு பக்கம் டிரைவரும் பிடிக்க, ஐம்பத்தாறு வயது அம்மா ஒருவர் இறங்கினார். நல்ல உயரம். கனத்த உடம்பு. கழுத்தில் தாலிக்கொடி இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் இன்ச் டேப் தொங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். வணக்கம் சொல்வார் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கட்டரை எடுத்து, என் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நூலை நறுக்கிவிட்டு, "இப்பச் செரியாப் போச்சுங்க" என்றார்.

அதன்பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங் டாக்டரம்மணி, கரண்டு எத்தன நிமிசம் வெப்பீங்க?" என்று கேட்டார்.

"கரண்டு வைக்கப் போறதில்லம்மா. எக்ஸர்சைஸ்தான்."

"அப்ப இத்தன மெஷினு எதுக்குங்க வாங்கி வெச்சிருக்கறீங்க?"

அந்த மெஷின்களால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், ஆனால் படி ஏற வைக்காது என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்கச் சொன்னேன். இப்படிப் பத்துத் தடவை. படுத்துக்கொண்டு முழங்காலுக்கு அடியில் துணிச்சுருள் வைத்து அமுக்குவது பத்துத் தடவை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை. எல்லாம் தினம் இரண்டு வேளை. கூடவே இருபது நிமிட நடை.

"பத்துங்களா? ஆறு போட்டுக்கலாமுங்களே."

"பத்து."

"செரி, எட்டு. எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்."

காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற அதே முகம். நான் அசையவில்லை. கடைசியில் பத்துக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் எனக்கு ஏதோ பெரிய சலுகை கொடுத்த மாதிரிதான் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அனுப்பர்பாளையத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. வீட்டின் பின்னாலேயே கம்பெனியின் பழைய ஷெட். போகப் போக அவரைப் பற்றி எனக்கு ஒன்று விளங்கியது. அந்த அம்மா எந்த வேலையையும் தானே செய்யமாட்டார். பிரித்துக் கொடுத்துவிடுவார். தொழிலில் அது சகஜம்தான். துணி பின்னுவது ஓர் இடம், சாயம் ஓர் இடம், எம்பிராய்டரி ஓர் இடம் என்று எல்லாமே ஜாப் வொர்க்குக்குப் போகிற ஊர் அது. அவர் வீட்டுக்குள்ளும் அதையேதான் நடத்தினார். மாவு ஆட்டுவது ஒருவர், பூக் கட்டுவது ஒருவர், சொந்தக்காரர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போய் அழுதுவிட்டு வருவதற்கென்று சின்ன நாத்தனார் ஒருவர். ஒரு வருடம் கோயிலுக்கு நடந்து வருவதாக இவர் வேண்டிக்கொண்டதை, பொங்கலூரில் இருந்து ஒன்றுவிட்ட தம்பியை வரவழைத்து நடக்க வைத்திருக்கிறார். இது சரியா என்று நான் கேட்டேன்.

"சாமிக்கு நடந்து வந்தாங்களான்னுதானுங்க கணக்கு. ஆரு காலுன்னா பாத்துக்கிட்டிருக்கும்?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பெட்டிக்குள் போகுமுன் பனியன்களைக் கடைசியாகப் பார்க்கிற வேலை. வீட்டுக்காரர் இறந்தபோது இரண்டே தையல் மெஷின்தான் இருந்ததாம். பகலெல்லாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூல் வெட்டி, ஓட்டை பார்த்து, மடித்து வைத்து வளர்த்த கம்பெனி. முழங்கால் போனதும் அப்படித்தான். இப்போது பதினான்கு பெண்கள் செக்கிங்கில் இருந்தார்கள். அவர்கள் பார்த்து முடித்ததை இவர் இன்னொரு முறை கையில் எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார். கண்ணாடி போடாமலே ஓர் இழை விட்டிருந்தால் பிடித்துவிடுவார்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பெருமாநல்லூர் ரோட்டில் மகன் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே, சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் உட்கார வைக்க ஏசி போட்ட ஆபீஸ், தையல், பேக்கிங். வெளிச்சம் வேண்டும் என்று செக்கிங்கை மாடியில் வைத்திருந்தார். மாடிக்கு இருபத்திரண்டு படி.

படி ஏற முடியாததால் அந்த அம்மா என்ன செய்தார் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. செல்விதான் வாய்க்கு முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கியபடி சொன்னாள். துணி மூட்டை ஏற்றுவதற்காக அங்கே ஒரு சாமான் லிஃப்ட் போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் கம்பி, கீழே ஒரு பலகை. கட்டடம் பார்க்கப் போனவர், "மூட்டை போறதுல மனுசி போகக் கூடாதா?" என்று இரண்டு மூட்டைக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாதி உயரத்தில் கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் அந்தரத்தில் இருந்தார். அந்த ஒரு மணி நேரமும் சும்மா இருக்கவில்லையாம். மேலே இருந்து பார்த்தால் பூச்சு வேலையில் இருக்கிற குறையெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார்.

மகனுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அம்மாவுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். அம்மாவிடம் குரலை உயர்த்தாதவர்.

"அம்மா, செக்கிங் மேஜைய வேணும்னா கீழயே போடச் சொல்றனுங்க. இல்லீன்னா ஊட்டுல இருந்துக்குங்க. கடைசிச் செக்கிங்குக்குக் கோயமுத்தூர்ல ஒரு க்யூசி ஆளு பாத்து வெச்சிருக்கறேன்."

"எனக்கோசரம் ஒண்ணையும் கீழ எறக்க வேண்டாம்."

"அப்பறம் எப்படீங்கம்மா ஏறுவீங்க?"

"ஆயுத பூசைக்குத்தான கட்டடம் தொறக்கறீங்க? அன்னிக்கு நானே ஏறறேன். ஏற முடியிலீன்னா உங்க கோயமுத்தூர்க்காரரையே வெச்சுக்குங்க. நான் ஒரு வார்த்த பேசல."

மகன் போன பிறகு என்னிடம் திரும்பினார். "ஊட்டுல உக்கோந்து நான் என்னத்தச் செய்வனுங்க, அம்மணி? அந்த மேஜய உட்டா எனக்கு வேற ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார். அதுவரை நான் கேட்காத குரல் அது. ஆயுத பூஜைக்கு மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் ஏற முடியும் என்று நான் சொன்னேன். வாக்கே கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை ஆரம்பமாயிற்று. துணிச்சுருளுக்குத் துண்டைச் சுருட்டினால் போதும். அவர் கட்டிங் வேஸ்டை அடைத்து, அளவு பார்த்து, ஓரம் அடித்து ஒரு தலையணையே தைக்கவைத்தார். காலில் கட்டும் பாரத்துக்கு டீ-ஷர்ட் கையைத் துண்டித்து இரண்டு முனையும் தைத்து மணல் நிரப்பியாயிற்று. செல்வி ஒரு நோட்டு போட்டாள். தையல் லைனில் எழுதுவது போலவே தேதி, காலை, மாலை, எத்தனை, முடிந்ததா என்று கட்டம் கட்டி, டிக் அடித்து வைத்திருந்தாள். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது. ஆஸ்பத்திரி டாக்டரிடம்கூடக் கொண்டுபோய்க் காட்டினேன்.

நடைதான் கொஞ்சம் இழுபறி. ஷெட்டுக்குள்ளேயே நடப்பதாக ஏற்பாடு. ஒரு மெஷினைத் தாண்டி அடுத்த மெஷினுக்குப் போவதற்குள் யாரையாவது நிறுத்தித் திட்ட வேண்டியிருந்தது. இருபது நிமிட நடை முடிய இரண்டு மணி நேரம் ஆனது. இருந்தாலும் நடக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனேன். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிக் கிடந்தது. தொட்டால் சுட்டது. நோட்டை எடுத்தேன். ஏழு நாளும் டிக், ஒன்றுகூட விடவில்லை. நான் சொன்ன அளவுதான். அதற்கு இப்படி வீங்க நியாயமில்லை. செல்வியைப் பார்த்தேன். செல்வி ஜன்னலைப் பார்த்தாள்.

"செல்வி, உண்மையச் சொல்லு. தினமும் செஞ்சாங்களா?"

"எல்லாஞ் செஞ்சாங்க. ஒரு பீஸ்கூடக் கொறையிலீங்க." அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "நேத்துச் செஞ்சாங்க."

"நேத்தா? ஏழு நாளுக்கும் சேத்தா?"

அந்த அம்மா குறுக்கே வந்தார். "நீங்க ஞாயித்துக்கெழம வந்துதான பாக்கறீங்க? சனிக்கெழம முடிச்சாப் போதாதுங்களா? ஷிப்மெண்டுக்கு மொத நாளுதானுங்க ஊரே வேலை செய்யுது. இதுவரைக்கும் ஒரு ஷிப்மெண்டு தவறுனதில்ல எங்களுக்கு."

நூற்று நாற்பது தடவை காலை நீட்டியிருக்கிறார். நூற்று நாற்பது தடவை எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அதுவும் மணல் பையைக் கட்டிக்கொண்டு. முந்தின இரண்டு வாரமும் இதே கதைதான், அப்போது கால் எப்படியோ தாங்கிக்கொண்டது. நான் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிய நோட்டும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் டிக் அடித்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோபத்தில் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிட்டது.

"என்னம்மா நெனச்சிக்கிட்டு இருக்கீய? இது என்ன பனியனா, மொத்தமாத் தச்சு லாரியில ஏத்த? இனி ஒரு வாரம் கால அசைக்கக் கூடாது. இருக்கிற நாளும் போச்சு. ஏமாத்துனது என்னைய இல்ல, உங்களத்தான்."

அந்த அம்மாவிடம் யாரும் அப்படிப் பேசியிருக்கமாட்டார்கள். அவர் பதிலுக்குக் கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் செல்வியைக் காபி போடச் சொல்லி அனுப்பிவிட்டு, வீங்கிய காலைக் கையால் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"சோம்பேறித்தனமில்லீங்க அம்மணி. பயமுங்க. ஓவர்லாக் மெஷின் ஓட ஓட உள்ளார இருக்கற பார்ட்ஸு தேயுது. தேஞ்சாக் கழட்டி மாத்திப்போடறோம். காலுல தேஞ்சா எதைக் கழட்டி எதை மாத்தறதுங்க? டாக்டர் படத்தக் காட்டி, தேஞ்சு போச்சுன்னுட்டாரு. நீங்க வந்து, இன்னும் ஆட்டு, இன்னும் ஆட்டுங்கறீங்க. மிச்சம் மீதி இருக்கறதும் தேஞ்சு போயிருமேன்னுதான், ஒரு நாளுத் தேஞ்சாத் தேயட்டும், ஆறு நாளைக்கு ரெஸ்ட்டு குடுக்கலாம்னு பாத்தேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனை தடவை செய்ய வேண்டும் என்று பேரம் பேசிய எனக்கு, எதற்காகச் செய்ய வேண்டும் என்று ஒருநாளும் சொல்லத் தோன்றவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, காலை அசைக்கும்போதுதான் அதற்குச் சாப்பாடு போகிறது, அசைக்காமல் வைத்திருந்தால் பட்டினி கிடக்கும் என்றேன். தேய்ந்தது திரும்ப வளரும் என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் தொடைச்சதை பலமானால் முழங்கால் தாங்குகிற பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும் என்றேன். அது ஒரே நாளில் நடக்காது, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சதை வளரும் என்றேன்.

அவர் தன் தொடையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"அப்ப மூட்டு செய்யற வேலையத் தொடைக்கு ஜாப் வொர்க் குடுக்கறதுங்களா?"

அதன்பிறகு எத்தனையோ பேருக்கு இதை நான் விளக்கியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் புரிந்துகொண்டதில்லை. ஆமாம் என்றேன்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க சாம்பிள் பாக்க ஆளு தாட்டியுடறேன்?" என்றார். தப்பு என்மேல்தான் என்று ஆகிவிட்டது.

வீக்கம் வடிய பத்து நாள் போயிற்று. மணல் பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்து ஐந்தாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். வலி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையிலும் வலி இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். வீட்டில் தனியாகச் செய்தால் மறுபடி சனிக்கிழமை வேலையாகிவிடும் என்று, ஷெட்டில் டீ நேரத்தில் செய்யச் சொன்னேன். காலை பத்து மணிக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. பெல் அடித்ததும் செக்கிங் மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார்.

சும்மா நீட்டுவாரா? இரண்டாம் நாளே, "என்னத்தப் பாக்கறீங்க? நீங்களும் நீட்டுங்க" என்று பதினான்கு பெண்களையும் வரிசையாக உட்காரவைத்துவிட்டார். ஒரு கையில் டீ கிளாஸ், நீட்டிய காலோடு பதினான்கு பேர். இவர் நடுவில் உட்கார்ந்து, "ஏஞ் செல்வி, அந்தக் கடைசிக் கால் வளையுது பாரு" என்று தன் காலைவிட மற்றவர் காலை அதிகமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். வேலையைப் பிரித்துக் கொடுக்கிற புத்தி எங்கே போகும்? ஆனால் இந்த முறை தன் பங்கையும் செய்தார். தினமும் செய்தார்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, டீ நேரத்துக்குச் சரியாகப் போய்ப் பார்த்தேன். வரிசையில் மேரியக்காவின் கால் பாதிக்கு மேல் நீளவில்லை. அவர் அந்த அம்மாவோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர், ஏறக்குறைய அதே வயது. எல்லோரும் எழுந்த பிறகு பக்கத்தில் போய் முழங்காலைத் தொட்டேன். முதலாளியம்மாவின் முழங்காலைவிட மோசமாக இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்று புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த அம்மா அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு வருசமாச்சுங்க. சொல்லிப்போடாதீங்க, அம்மணி. கால் நோவுன்னு தெரிஞ்சா ஆரு வேலைக்கு வெப்பா? புதுக் கட்டடத்துல மாடி வேறயாமா. எப்படியோ ஏறிக்கறேன். சாமி சத்தியமா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்கவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேரியக்காவுக்கும் அதே பயிற்சிதான், இன்னும் குறைவாக ஆரம்பிக்க வேண்டும் என்று காதோடு சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது மாதம் முடிவதற்குள் அந்த அம்மா கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். மகனைக் கூப்பிட்டு நான்கு தடவை எழுந்து காட்டினார். பிறகு படிப் பாடம். ஷெட் வாசலில் இரண்டே படி. இரண்டில் இடது கால்தான் தேவலை; ஏறும்போது அந்த நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த இரண்டு படியை அவர் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை நோட்டு இல்லை.

ஆயுத பூஜை அன்று புதுக் கட்டடம் பெயின்ட் வாசனையோடு இருந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். தாம்பாளம் தாம்பாளமாகப் பொரிகடலை. கோயமுத்தூர் க்யூசி ஆளும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். அவர்மேல் எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் வெறுப்பு வந்தது.

பூஜை முடிந்ததும் அந்த அம்மா படிக்குக் கீழே போய் நின்றார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லோரும் வந்துவிட்டார்கள். இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார். நல்ல கால் முதலில். நான் மனசுக்குள் எண்ணினேன். எட்டாவது படிவரை நன்றாக ஏறினார். பதினொன்றில், படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டார். முதுகில் ரவிக்கை நனைந்திருந்தது. மகன் இரண்டிரண்டு படியாகத் தாவிப் போய்க் கையை நீட்டினார்.

"உடுங்க கண்ணு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

மகன் கையை எடுத்துக்கொண்டார். மிச்சப் பதினொரு படிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மேலே போய் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். செக்கிங் மேஜையைக் கையால் ஒருமுறை தடவினார். உட்காரவில்லை. திரும்பி, வலிக்கிற காலை முதலில் வைத்து, ஒவ்வொன்றாக இருபத்திரண்டு படியும் இறங்கி வந்தார். கீழே எல்லோரும் கை தட்டினார்கள். க்யூசி ஆளும் தட்டினார், பாவம்.

கைதட்டல் அடங்கியதும் மகனிடம் சொன்னார்:

"செக்கிங் மேஜையக் கீழ எறக்கிருங்க. உங்க ஆபீஸ மேல கொண்டு போயிருங்க. உங்களுக்கு மொழங்கால் நல்லாத்தான இருக்குது."

மகன் ஒன்றும் புரியாமல் நின்றார். "அம்மா, நீங்கதான் ஏறிட்டீங்களேம்மா! இனி எதுக்குங்க? நான் மொதல்லயே கீழ போடறேன்னு சொன்னனுங்களே?"

"அன்னிக்குப் போட்டிருந்தீங்கன்னா அது நொண்டிக்குப் போட்டதுங்க. இன்னிக்கு நாஞ் சொல்லிப் போடறது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மூணு மாசம் டாக்டரம்மணி வந்தாங்க. காரு வந்துச்சு. பதினாலு பேருத்துல அஞ்சு பேருக்குக் கால் நீள மாட்டேங்குது. அவங்க டீக்கும் சோத்துக்கும் பாத்ரூமுக்கும் நாளைக்கு எத்தன வாட்டி ஏறி எறங்குவாங்க? நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டாங்களாக்கும். கால் நோவுன்னா ஆரையும் நிறுத்த மாட்டேன். எல்லாருங் கேட்டுக்குங்க."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த இருபத்திரண்டு படிக்காக மூன்று மாதம் தொண்டை வறளக் கத்தியவள் நான். ஏறி இறங்கிவிட்டு, வேண்டாம் என்கிறாரே! ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன்.

கூட்டம் பொரிகடலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முதல் படியில் மேரியக்கா உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவர் கண் முன்னாலேயே, எல்லோரும் பார்க்க, மேரியக்கா இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்து அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.